குரல் மகனுடையது, பேசியது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஏ.ஐ. மோசடிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. எழுதியவர்களில் சிலர் பணத்தைப் பறிகொடுத்தவர்கள், சிலர் அதை இன்னும் வீட்டிலேயே சொல்லாதவர்கள். அதனால் இந்த முறை யார் பெயரையும் போடவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நள்ளிரவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் என் மகன். "அம்மா, விபத்து ஆயிடுச்சு, என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க" என்று அழுகிறான். கேட்ட பணத்தை அனுப்பிவிட்டேன். அப்புறம் அவன் எண்ணுக்குக் கூப்பிட்டால் தூக்கக் கலக்கத்தில் "என்னம்மா?" என்கிறான். பெற்றவளுக்கே பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா சார்?

தெரியாமல் போகவில்லை அம்மா. நீங்கள் கேட்டது அவன் குரல்தான், ஆனால் அவன் பேசவில்லை. உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள்.

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'வால்-ஈ' என்று குரலை நகலெடுக்கும் ஓர் ஏ.ஐ. மென்பொருளை அறிமுகப்படுத்தினார்கள். ஒருவர் பேசிய மூன்று விநாடி ஒலிப்பதிவு இருந்தால் போதும், அவர் சொல்லாததையெல்லாம் அவர் குரலிலேயே சொல்ல வைத்துவிடலாம். தவறாகப் பயன்படும் என்று பயந்து அவர்கள் அதைப் பொதுவில் விடவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் கருவிகள் இன்று இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. குரலுக்கு எங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மகன் போட்ட ரீல்ஸ், கல்லூரி மேடையில் பேசியது, நண்பன் ஏற்றிய பிறந்தநாள் வீடியோ, இதில் ஏதாவது ஒன்று போதும். உங்கள் எண்ணும் அவன் உங்கள் மகன் என்பதும் எப்போதோ கசிந்த ஏதோ ஒரு பட்டியலிலிருந்து வந்திருக்கும், அல்லது "என் தங்கம்" என்று நீங்களே அவன் படத்தின் கீழே எழுதியதிலிருந்து.

இந்த அழைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மகன் பேசியது எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பார்த்தால், பத்துப் பதினைந்து விநாடிதான் இருக்கும். ஓர் அழுகை, இரண்டு வாக்கியம், உடனே ஃபோனை வேறொருவர் வாங்கிக்கொள்வார். போலீஸ், வக்கீல், ஆஸ்பத்திரி ஊழியர், சில சமயம் கடத்தல்காரன் என்று அவர் யாராகவும் இருக்கலாம். பேரம் முழுவதையும் பேசுவது இந்த இரண்டாவது ஆள்தான். காரணம் எளிது: நான்கு வரியை நகல் குரலில் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்திவிடலாம், ஆனால் நடுவில் நீங்கள் "டேய், காலையில் என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். அழுகையும் சும்மா வைப்பதில்லை. அழும் குரலில் கொஞ்சம் பிசிறு தட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

2023இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தாய்க்கு 15 வயது மகள் குரலில் இதேபோல் அழைப்பு வந்தது. கடத்திவிட்டோம், பத்து லட்சம் டாலர் கொடு என்றார்கள், பிறகு 50,000க்கு இறங்கினார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவர்கள் வேறு ஃபோனில் அவர் கணவரைப் பிடித்து, மகள் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துவிட்டார்கள். பணம் போகவில்லை. அந்த அம்மா பிறகு அமெரிக்க செனட் குழுவின் முன்பு இதைச் சாட்சியமாகவே சொன்னார். அவரைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது ஃபோன். "லைனைத் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்று மோசடிக்காரர்கள் அடித்துச் சொல்வது அந்த இரண்டாவது ஃபோனைத் தடுக்கத்தான்.

இன்னொன்றும் செய்து வையுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே 2024 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் இதைத்தான் சொன்னது. நாய்க்குட்டி பெயர், பிறந்த ஊர் என்று சமூக வலைத்தளத்தைத் தோண்டினால் கிடைக்கிறதை வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் வைக்காதீர்கள். எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது வாயால் சொல்லிக்கொள்ளுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விளையாட்டாகக் கேட்டு ஞாபகப்படுத்துங்கள். வார்த்தை மறந்துபோனாலும் பரவாயில்லை. வைத்துவிட்டு நீங்களாகத் திருப்பிக் கூப்பிட்டாலே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

கேள்வி: தெரியாத எண்ணுக்கு 'ஹலோ' சொன்னாலே குரலைத் திருடிவிடுவார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறதே?

ஒரு 'ஹலோ'வுக்காக மெனக்கெடுகிறவர்கள் குறைவு. உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஏற்கெனவே நீங்கள் பாடியதும் பேசியதும் மணிக்கணக்கில் கிடக்கும்போது அதற்கு என்ன அவசியம்? வேண்டுமானால் எதிராளி முதலில் பேசட்டும் என்று சும்மா இருங்கள், நஷ்டமில்லை.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. சில வங்கிகளின் தொலைபேசிச் சேவையில் குரலையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு செய்தியாளர் தன் சொந்தக் குரலின் ஏ.ஐ. நகலை வைத்துத் பிரிட்டனின் லாய்ட்ஸ் வங்கியில் இருந்த தன் கணக்கின் தொலைபேசிச் சேவைக்குள் நுழைந்து காட்டினார். உங்கள் வங்கியில் அந்த வசதி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: குரல் சரி. வீடியோ காலில் முகத்தையே பார்த்துவிட்டால் நம்பலாம் இல்லையா? கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், மேலதிகாரிகள் எல்லோரும் வெளிநாட்டில். தினமும் திரையில் பார்த்துத்தான் வேலை.

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. உங்களைப் போலவே ஹாங்காங்கில் ஒருவர் இருந்தார்.

அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் நிதிப் பிரிவு ஊழியர் அவர். லண்டனில் இருக்கும் தலைமை நிதி அதிகாரி பெயரில் ஒரு செய்தி வந்தது, ரகசியமாக ஒரு பணப் பரிமாற்றம் செய்ய வேண்டும் என்று. அவர் ஒன்றும் ஏமாளி இல்லை, ஃபிஷிங், அதாவது ஆளை ஏமாற்றும் போலிச் செய்தியாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார். சரி, வீடியோ கூட்டத்துக்கு வா என்றார்கள். போனால் தலைமை நிதி அதிகாரி இருக்கிறார், தெரிந்த சக ஊழியர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் போய்விட்டது. ஐந்து வங்கிக் கணக்குகளுக்கு 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர், அதாவது சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலர் அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கூட்டத்தில் உயிருள்ள மனிதர் அவர் ஒருவர்தான். 2024 தொடக்கத்தில் நடந்தது இது.

போலீஸ் சொன்னதில் எனக்கு மறக்க முடியாத விஷயம், அந்தப் போலிகள் அவரோடு உரையாடவே இல்லை என்பது. பொதுவெளியில் கிடைத்த பழைய வீடியோக்களை எடுத்து முன்கூட்டியே தயாரித்த பதிவுகள். அவரை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள், உத்தரவு போட்டார்கள், கூட்டத்தைச் சட்டென்று முடித்துவிட்டார்கள். மீதிப் பேச்செல்லாம் எழுத்தில். ஒரு ஊழியர் தன் பெரிய அதிகாரியை நடுவில் மறித்துக் கேள்வி கேட்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மோசடியில் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு பங்கு அலுவலக மரியாதைக்கும் உண்டு என்பேன். (உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேலாளரிடம் "சார், ஒரு நிமிடம், உங்களைத் திருப்பிக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டால் கோபப்படுவாரா, பாராட்டுவாரா?)

அதே 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தில் நடந்ததையும் கேளுங்கள். தலைமைச் செயல் அதிகாரி பெனடெட்டோ விக்னா பேசுவதாக ஓர் உயரதிகாரிக்கு அழைப்பு. தென் இத்தாலியப் பேச்சு வாடை உட்பட அப்படியே விக்னாவின் குரல். பெரிய நிறுவனக் கையகப்படுத்தல், ரகசியம், உடனே செய்ய வேண்டும் என்று வழக்கமான பாட்டு. உயரதிகாரிக்கு லேசாக ஏதோ இடித்தது. "மன்னிக்கணும், நீங்கள்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், போன வாரம் எனக்கு ஒரு புத்தகம் படிக்கச் சொன்னீர்களே, அதன் பெயர் என்ன?" என்று கேட்டார். லைன் துண்டிக்கப்பட்டது.

ஆக, முகத்தைப் பார்த்தால் போதாது. பணம் போகிற எந்த உத்தரவுக்கும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணில் நீங்களே கூப்பிட்டு உறுதி செய்வது, இரண்டாவது ஆள் ஒருவர் ஒப்புதல் தருவது, இந்த இரண்டையும் எழுத்தில் விதியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். விதி என்று இருந்துவிட்டால் அதிகாரியைச் சந்தேகப்படுகிறோமே என்ற கூச்சம் யாருக்கும் வராது. இது புதிய ஆபத்தும் இல்லை. 2019லேயே பிரிட்டனில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவர், ஜெர்மனியில் இருக்கும் தாய் நிறுவனத் தலைவரின் குரலை நம்பி 2,20,000 யூரோவை அனுப்பிவிட்டார். மூன்றாவது அழைப்பு ஆஸ்திரிய எண்ணிலிருந்து வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

கேள்வி: டீப்ஃபேக்கை, அதாவது ஏ.ஐ. செய்யும் போலி முகத்தையும் குரலையும் கண்டுபிடிக்க நல்ல ஆப் ஒன்று சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். "போலி இல்லை" என்று அந்த ஆப் தவறாகச் சொல்லும் ஒரு தடவைக்கு யார் பொறுப்பு? 2018இல் டீப்ஃபேக் முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளிலேயே சிமிட்ட ஆரம்பித்துவிட்டன. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்வது, முகத்துக்கு முன் கையை ஆட்டச் சொல்வது எல்லாம் இதே கதிதான். இன்று பலிக்கும், நாளைக்குப் பலிக்காது. திரையை உற்றுப் பார்ப்பதில் செலவழிக்கும் நேரத்தில் ஒரு ஃபோன் போட்டுவிடலாம்.

கேள்வி: முன்பெல்லாம் மோசடி மின்னஞ்சலைப் பிழைகளை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது வருவதெல்லாம் என்னை விட நன்றாக எழுதியிருக்கிறார்கள்! ஏ.ஐ. கம்பெனிகள் இதையெல்லாம் தடுக்காதா?

பிழை பார்த்துப் பிடிக்கும் காலம் மலையேறிவிட்டது. உங்கள் மொழியே தெரியாத ஒருவன், உங்கள் மொழியில், உங்கள் வங்கி எழுதுகிற தோரணையிலேயே கடிதம் எழுத முடிகிறது. அதை விட மோசம், ஆயிரம் பேருக்கு ஒரே கடிதம் அனுப்பியது போய், ஆயிரம் பேருக்கும் தனித்தனிக் கடிதம் எழுத முடிகிறது. நீங்கள் போன வாரம் வேலை மாறியதை லிங்க்ட்இன்னில் போட்டிருந்தால் புது அலுவலகத்தின் மனிதவளத் துறை பெயரில் வரும். முன்பு இந்த அளவு உழைப்பைப் பெரிய மீன்களுக்கு மட்டும்தான் செலவழிப்பார்கள், இப்போது நானும் நீங்களும் கூட அந்தக் கவனிப்புக்குத் தகுதியாகிவிட்டோம்.

கம்பெனிகள் தடுக்கின்றன, முழுதாக முடியவில்லை. "ஏமாற்றுக் கடிதம் எழுதித் தா" என்றால் மறுக்கும் கருவி, "ஊழியர்களுக்கு ஒரு சம்பள அறிவிப்பு எழுதித் தா" என்றால் எழுதித்தானே கொடுக்கும்? நல்ல கடிதத்துக்கும் கெட்ட கடிதத்துக்கும் வித்தியாசம் அதில் ஒட்டியிருக்கும் லிங்க்தான். அது போக, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த ஏ.ஐ. மென்பொருள்கள் இருக்கின்றன. 2023 ஜூலையில் பேசப்பட்ட 'வோர்ம்ஜிபிடி' அப்படிப்பட்ட ஒன்றை வைத்துக் கட்டியதுதான், ஜிபிடி-ஜே என்பது அதன் அடித்தளம். எந்தத் தடையும் இல்லாத ஏ.ஐ. என்று குற்றவாளிகளின் சந்தையில் சந்தாவுக்கு விற்றார்கள். ஊடக வெளிச்சம் பட்டதும் ஒரு மாதத்தில் கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அதே பாணிப் பெயர்களோடு நிறைய வந்தன. அவற்றில் கணிசமானவை வெறும் ஏமாற்று, பணம் கட்டியவனுக்கு ஒன்றுமே கிடைக்காது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், புகார் கொடுக்கவும் வழியில்லை.

உங்களுக்கு ஒரே யோசனை: கடிதம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள், உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். லிங்க்கைத் தொடு, ஓடிபி சொல், ஆப்பை இறக்கு, கணக்கு எண் மாறிவிட்டது என்று வந்தால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அந்த வழியாகப் போகாதீர்கள். வங்கியின் ஆப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் ஃபோனின் பூட்டையே சாவியாக்கும் முறை) வசதி இருக்கும் இடங்களில் அதற்கு மாறிவிடுங்கள். போலித் தளத்தில் அது வேலை செய்யாது, நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

கேள்வி: ஏ.ஐ. உதவியாளரிடமே வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கேட்டேன். கிடைத்த எண்ணில் பேசினால் கார்டு விவரம், ஓடிபி என்று கேட்கிறான். கொடுக்காமல் வைத்துவிட்டேன்.

கொடுக்காமல் வைத்தீர்களே, நல்லது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை வங்கியின் எண் போல இணையப் பக்கங்களிலும் விமர்சனப் பகுதிகளிலும் தூவி வைக்கிறார்கள், ஏ.ஐ. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நம்பிக்கையாக வைக்கிறது. கார்டின் பின்புறம் அச்சடித்த எண்ணைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கேள்வி: சில மாதங்களாக ஒருவரோடு இணையத்தில் பழகுகிறேன். வீடியோ காலிலும் பேசியிருக்கிறோம், அதனால் போலி இல்லை. இப்போது தனக்கு லாபம் தந்த ஒரு கிரிப்டோ முதலீட்டில் என்னையும் சேரச் சொல்கிறார். கொஞ்சம் போட்டேன், லாபத்தோடு எடுக்கவும் முடிந்தது. தோழிதான் உங்களுக்கு எழுதச் சொன்னாள்.

அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் "அதனால் போலி இல்லை" என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது, 27 பேர் கைது. டிஜிட்டல் மீடியா படித்த இளம் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, அலுவலகம் போல நடத்தியிருக்கிறார்கள். முதலில் ஏ.ஐ. உருவாக்கிய அழகான படங்களோடு அரட்டை. எதிராளி வீடியோ கால் கேட்டால் அதற்கும் டீப்ஃபேக் முகம் தயார். பல நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலரைப் போலி கிரிப்டோ தளங்களில் கொட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் போட்டு லாபத்தோடு எடுக்க விடுவது அந்தத் திட்டத்தின் முதல் படி. அது அவர்களுக்கு விளம்பரச் செலவு. நீங்கள் பெரிய தொகை போட்டதும் எடுக்க முடியாது. வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு என்று மேலும் கேட்பார்கள். திரையில் தெரியும் லாபம் வெறும் எண், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இத்தகைய மோசடிக் கூடங்களில் கட்டாயத்தால் வேலை செய்யும் நிலையில் இருக்கலாம். நல்ல வேலை என்று நம்பிப் போய், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, அடைக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்புகிறவர் அப்படி ஒருவராகக் கூட இருக்கலாம். மொழி தெரியாவிட்டால் ஏ.ஐ. மொழிபெயர்க்கும், என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் அதுவே எழுதித் தரும். எத்தனை பேரோடு வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் காதலிக்கலாம், களைப்பே வராது.

எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்ற மையத்துக்கு 2024இல் வந்த புகார்களில் மொத்த இழப்பு 1,660 கோடி டாலர். அதில் முதலிடம் முதலீட்டு மோசடிக்கு, 650 கோடிக்கும் மேல். உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

வெட்கப்பட வேண்டாம். பிரான்ஸில் ஒரு பெண்மணி, நடிகர் பிராட் பிட் சிறுநீரகப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏ.ஐ. படங்களை நம்பி 8,30,000 யூரோவை இழந்தார். 2025 ஜனவரியில் அது தொலைக்காட்சியில் வந்தபோது இணையமே கூடி நின்று அவரைக் கேலி செய்தது. அந்த நிகழ்ச்சியையே சேனல் விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்படிச் சிரிப்பவர்கள் மோசடிக்காரர்களுக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள். அடுத்து ஏமாறுகிறவர் வாயைத் திறக்க மாட்டார் இல்லையா?

இனி ஒரு காசும் போடாதீர்கள். அவரிடம் விளக்கம் கேட்டுச் சண்டையும் போடாதீர்கள், விளக்கம் சொல்வதுதான் அவர் தொழில். அரட்டையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எண்ணைத் தடை செய்யுங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும்.

கேள்வி: பிரபலங்கள் "நான் இதில்தான் பணம் போட்டேன்" என்று பேசும் வீடியோ விளம்பரங்கள்?

போலி. பிரிட்டனில் மக்களுக்குப் பண யோசனை சொல்லியே பெயர் வாங்கிய மார்ட்டின் லூயிஸ் எந்த முதலீட்டு விளம்பரத்திலும் தோன்றுவதே இல்லை என்பது அங்கே ஊரறிந்த விஷயம். 2023இல் அவர் முகத்தையே வைத்து ஒரு முதலீட்டு வீடியோ வந்துவிட்டது.

கேள்வி: என் தங்கையின் சாதாரணப் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி, பணம் தராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள், அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

முதலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை ஒருமுறைக்கு நான்கு முறை சொல்லுங்கள். சட்டை போட்டு நிற்கும் ஒரு படத்தை இப்படி மாற்றுவதற்கு இன்று ஒரு குற்றவாளிக்கு எந்தத் திறமையும் வேண்டாம். 2023 ஜூனிலேயே எஃப்.பி.ஐ. இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டிருக்கிறது.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, கொடுக்கிறவர் என்று தெரிந்துவிடும், தொகை ஏறும். மிரட்டல் செய்திகள், கணக்கின் முகவரி, கேட்ட தொகை எல்லாவற்றையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். பிறகு தடை செய்யுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். படம் பரவாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது: 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவை. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) தயாராகும், அந்தக் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அதே படம் அங்கே ஏறினால் பிடிக்க உதவும். தங்கைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் 'டேக் இட் டவுன்' என்ற சேவை அதே வேலையைச் செய்கிறது.

அப்புறம், அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். தனியாகப் போய் அவள் சொல்ல வேண்டாம், நீங்கள் கூட இருங்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை வைத்துத்தான் அவன் மிரட்டுகிறான்.

கேள்வி: முகத்தைக் காட்டிக் கணக்குத் தொடங்கும் வசதியில் வேறொருவன் என் முகத்தைக் காட்டிவிட முடியுமா?

முடிந்திருக்கிறது. தொலைந்துபோன எட்டு அடையாள அட்டைகளை வைத்து ஒரு கும்பல் ஹாங்காங்கில் 90 கடன் விண்ணப்பங்களும் 54 வங்கிக் கணக்குப் பதிவுகளும் செய்ததாக 2023இல் போலீஸ் சொன்னது. முகச் சரிபார்ப்பை ஏமாற்றக் குறைந்தது 20 தடவை டீப்ஃபேக் பயன்பட்டது. கேமரா முன்னால் யாரும் நிற்பதில்லை, கேமராவிலிருந்து வருவது போல ஒரு போலி வீடியோவை ஆப்புக்குள் நேராகச் செலுத்திவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் 'கோல்டுபிக்காக்ஸ்' என்ற வைரஸ் ஆப்பைப் பற்றி எழுதியது. அரசுச் சேவை ஆப் போல வேடம் போட்டு, தலையைத் திருப்பு, வாயைத் திற என்று சொல்லி உங்கள் முகத்தை உங்களிடமே வீடியோவாக வாங்கிக்கொள்ளும்.

அடையாள அட்டை நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். உங்கள் பெயரில் புதிதாகக் கடன் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று கடன் அறிக்கையை அவ்வப்போது பாருங்கள்.

கேள்வி: சிறு நிறுவனம் நடத்துகிறேன். எல்லா ஆட்களையும் இணையத்தில்தான் தேர்வு செய்கிறேன். பயப்பட வேண்டுமா?

'நோபிஃபோர்' என்ற நிறுவனம், மற்றவர்களுக்குச் சைபர் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதுதான் அதன் தொழில். 2024இல் அவர்களே ஒருவரை நான்கு வீடியோ நேர்காணல் வைத்து, பின்னணி எல்லாம் சரிபார்த்து வேலைக்கு எடுத்தார்கள். நிறுவனம் அனுப்பிய கணினி கையில் கிடைத்ததுமே அந்த ஆள் அதில் வைரஸ் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். பார்த்தால், திருடிய அமெரிக்க அடையாளத்தில் வந்த வட கொரியர், விண்ணப்பத்தில் இருந்தது ஏ.ஐ. வைத்துத் திருத்திய படம். இதை அவர்களே வெளியே சொன்னார்கள், அதற்கு ஒரு சபாஷ். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே எல்லாச் சாவியையும் கொடுக்காதீர்கள், சம்பளக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கோடிங் தெரியாமலே ஏ.ஐ.யிடம் சொல்லி ஹேக் செய்யலாம் என்கிறான் என் பேரன். உண்மையா?

பாதி உண்மை, அதுவே கவலைக்குப் போதும். 2025 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் ஏ.ஐ. எப்படித் தவறாகப் பயன்பட்டது என்று தானே ஓர் அறிக்கை விட்டது. ஒருவன் அதன் 'கிளாட் கோட்' என்ற கோடிங் கருவியை வைத்துக் குறைந்தது 17 அமைப்புகளுக்குள் நுழைந்து தகவல்களைத் திருடியிருக்கிறான். மருத்துவத் துறையும் அவசர சேவையும் கூட அதில் அடக்கம். எந்தத் தகவலைத் திருடுவது, எவ்வளவு கேட்பது, மிரட்டல் கடிதத்தை எப்படி எழுதுவது என்று எல்லாவற்றிலும் ஏ.ஐ. கூட இருந்தது. சில இடங்களில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டிருக்கிறான். ஒரு குழு செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆள் செய்திருக்கிறான்.

ஆனாலும் ஏ.ஐ. தேடுகிற ஓட்டைகள் பெரும்பாலும் பழைய ஓட்டைகள்: அப்டேட் செய்யாத மென்பொருள், எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட். பேரனிடம் உங்கள் ஃபோனைக் கொடுத்து அதையெல்லாம் சரி செய்யச் சொல்லுங்கள், ஆர்வம் நல்ல வழியில் போகட்டும்.

கேள்வி: எப்போதும் நாம்தான் அடி வாங்க வேண்டுமா? ஏ.ஐ.யை வைத்து அவர்களைத் திருப்பி அடிக்க முடியாதா?

2024 நவம்பரில் பிரிட்டனின் ஓ2 தொலைபேசி நிறுவனம் டெய்ஸி என்று ஒரு ஏ.ஐ. பாட்டியை இறக்கிவிட்டது. பாட்டியின் ஒரே வேலை மோசடிக்காரர்களோடு பேசிக்கொண்டே இருப்பது. குடும்பக் கதை, பின்னல் வேலை, நடுநடுவே தப்புத் தப்பாக வங்கி விவரம் என்று 40 நிமிடம் வரை ஆளை இழுத்துப் பிடித்திருக்கிறாள். அந்த 40 நிமிடமும் இன்னொரு நிஜப் பாட்டிக்கு அழைப்பு போகாது. அந்தக் குரல் பதிவுகள் கேட்கக் கிடைத்தால் கேளுங்கள், வயிறு வலிக்கும்.

கேள்வி: பணம் போய்விட்டால் முதலில் யாரிடம் போவது? திரும்பக் கிடைக்குமா?

முதலில் வங்கி, பிறகு உங்கள் நாட்டின் சைபர் குற்ற உதவி எண், அப்புறம்தான் உறவினர்கள். பணம் ஒரு கணக்கில் தங்காது. வாடகைக்குக் கணக்குக் கொடுத்தவர்கள் வழியாக நான்கைந்து கை மாறி, கிரிப்டோவாகி, எல்லை தாண்டிவிடும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நடுவில் எங்காவது ஒரு கணக்கில் மடக்க வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனால் மிகவும் குறைவு. பரிமாற்ற எண், நேரம், போன கணக்கு, எதிராளியின் எண், அரட்டை எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அரட்டையை அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஆள் வருவார். சைபர் நிபுணர் என்பார், வக்கீல் என்பார், இன்டர்போல் அதிகாரி என்று வீடியோ காலில் சீருடையோடு கூட வருவார். உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத் தர ஒரு சிறிய கட்டணம் கட்டுங்கள் என்பார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஏமாந்தவர்களின் பட்டியலை முதல் கும்பலே விற்றிருக்கும், பல சமயம் முதல் கும்பலே அவர்தான். அவருக்கு ஒரு சல்லிக்காசு கூடக் கொடுக்காதீர்கள், அந்த எண்ணையும் ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.